ஆசிரியரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை: ஒரு வரலாற்று நோக்கு

தமக்குக் கற்பிக்கும் ஆசிரியரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மாணவர்க்கு உண்டா என்னும் வினா கல்வியாளரிடையே எழுந்துள்ளது. அதனை நம் மக்களின் வரலாற்றோடு பொருத்திக் காண்பது இவ்வெள்ளிவிழா மலருக்கு ஏற்றதெனக் கருதுகிறோம்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கர் ஆகாதார் யார் என்று கூறுவதோடு, ஆசிரியர் ஆகாதார் யார் என்றும் கூறுகிறது. தகுதியற்ற ஆசிரியர்க்கு அந்நூல் காட்டும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவர் முற்றத்தை விடுத்து, அயலார் முற்றத்தில் காய் உதிர்க்கும் கோணல் தென்னை அது. நம் முன்னோர் நிலத்தில் உழைத்தனர். அவ்வுழைப்பால் விளைந்த செல்வத்தில் நடந்த பள்ளிகளின் பயனோ நெடுங்காலம் பிறர் முற்றத்திலேயே விழுந்தது. ஆசிரியரே மாணவரைத் தேர்ந்தெடுத்த காலம் அது.

மண்ணூர்பேட்டை உள்ளிட்ட அம்பத்தூர்ப் பகுதி அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், 1891இல் நம் மக்களின் இழிநிலையை விளக்கி அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன்பின் 1893இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணை, சேரிகளில் தனிப்பள்ளிகள் திறக்க வழிசெய்தது. நம் இனத்தவர் ஆசிரியப் பயிற்சி பெறுவதற்கும் ஊக்கமளித்தது. பள்ளி மட்டும் போதாது, பரிவுள்ள ஆசிரியரும் வேண்டும் என்பதை அவ்வாணை உணர்ந்திருந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் தம் முதல் பள்ளியை நிறுவினார். நம் பிள்ளைகளை விரும்பி ஏற்ற ஆசிரியர்கள் அங்கே அமைந்தனர்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு இவ்வுரிமையின் இரு முனைகளையும் காட்டுகிறது. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது வடமொழி கற்க விரும்பினார். ஆசிரியர் கற்பிக்க மறுத்தமையால் பாரசீகம் கற்க நேர்ந்தது. பின்னர் 1913இல் பரோடா மன்னரின் உதவியுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பொருளியலில் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி, மானிடவியலில் கோல்டன்வைசர் எனப் பேரறிஞர் பலரிடம் பயின்றார். கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 1916இல் அவர் படித்த கட்டுரையே இந்தியச் சாதிகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற ஆய்வாகும். தாயகம் ஓர் ஆசிரியரையும் மறுத்த துறை உண்டு. அயலகமோ பலரை அவர்முன் நிறுத்தியது. அதன் அருமை உணர்ந்தே அவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் தோற்றுவித்தார்.

இன்று நிலை யாது? பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் விருப்பத் தேர்வு முறைக்கு நெறிமுறைகள் வகுத்தது. அதனால் பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு விரிந்தது. ஆசிரியரையே தேர்ந்துகொள்ளும் முறை வேலூர் வி.ஐ.டி. போன்ற சில நிறுவனங்களில் மட்டுமே உள்ளது. ஓராசிரியர் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு இவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே ஆகும்.

வேறொரு ஐயமும் எழுகிறது. கற்பிக்கும் திறம் நோக்காது சாதி நோக்கித் தேர்வு நிகழுமாயின், நம் இனத்து ஆசிரியரின் வகுப்பறை வெறுமையாகும். பழைய தீண்டாமை புதிய உடையில் மீளும். ஆதலின் தேர்வுரிமைக்கு முன்னர், ஆசிரியர் பணியிடங்களில் நமக்குரிய பங்கு நிறைவுற வேண்டும். மத்திய கல்வி நிறுவனங்களில் துறைதோறும் பிரிக்காமல் நிறுவனம் முழுவதையும் ஓரலகாகக் கொண்டு இடஒதுக்கீடு வழங்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு படியாகும். ஒதுக்கிய இடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவதே அடுத்த படி.

மாணவச் செல்வங்களே! நல்லாசிரியரை நாடிச் செல்லுங்கள். ஐயம் எழுந்தால் அஞ்சாது வினவுங்கள். உங்களுள் பலர் ஆசிரியராகுங்கள். நாளை ஒரு சேரிப்பிள்ளை தன் ஆசிரியரைத் தேடும்போது, தேர்ந்துகொள்ளப் பலர் இருத்தல் வேண்டும். அவருள் நீங்களும் இருத்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.