பூநாரை: பேரு ஒண்ணு, பறவை ரெண்டு

கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்ககிட்ட "பூநாரை பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. "பிச்சாவரத்துல நிறைய நிக்குமே"ன்னு பதில் வரும். வெள்ளையா, கால் நீளமா எது நின்னாலும் நமக்கு நாரைதான். அதுல கொஞ்சம் ரோஸ் கலர் தெரிஞ்சா பூநாரை. ஆனா முதுகுப் பின்பக்கம் ரோஸா, அலகு மஞ்சளா, நீளமா இருந்தா அது மஞ்சள் மூக்கு நாரை. சத்திமுத்தப் புலவர் தூது விட்ட செங்கால் நாரையும் பூநாரை இல்லை, அது வேற.

இன்னும் ஒரு படி மேல போனா, பூநாரை நாரையே கிடையாது! நம்ம குளத்துல முங்கி முங்கி எழுமே முக்குளிப்பான், அதுதான் இதுக்கு நெருங்கிய சொந்தம். 2001-ல வந்த டி.என்.ஏ. ஆய்வு இதைச் சொன்னப்போ பறவை ஆராய்ச்சி செய்றவங்களே கொஞ்சம் ஆடிப்போயிட்டாங்க.

இந்தப் பேர் குழப்பம் நமக்கு மட்டும் இருக்கிற வியாதி இல்லைங்க. 1758-ல லின்னேயஸ் முதன்முதலா அறிவியல் பேர் வெச்சது அமெரிக்கப் பூநாரைக்கு. 1798-ல பிரெஞ்சுக்காரர் ஜெஃப்ராய் சான்-இலேர் சிறு பூநாரையைத் தனியாப் பிரிச்சார். நம்ம கடற்கரைக்கு வர்ற பெரும் பூநாரைக்கு 1811-ல பல்லாஸ் 'ரோசியஸ்'னு பேர் வெச்சார். அப்புறம் வந்தவங்க இதையும் அமெரிக்கப் பறவையையும் ஒரே இனம்னு சேர்த்துட்டாங்க. 20-ம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பலதுலயும் அப்படித்தான் இருக்கும். 2000-க்கு அப்புறம்தான் மறுபடி ரெண்டும் தனித்தனி இனம்னு பரவலா ஏத்துக்கிட்டாங்க.

சரி, இந்தியாவுல இருக்கிற ரெண்டு பூநாரையை எப்படிப் பிரிச்சுச் சொல்றது? உயரத்தை நம்பாதீங்க. பெரிசு சுமார் நாலு அடி, சிறுசு மூணு அடிக்குள்ள. ஆனா தூரத்துல, பக்கத்துல ஒப்பிட எதுவும் இல்லாதப்போ ஏமாந்துடுவோம். கலரையும் நம்பாதீங்க. சாப்பாட்டுல இருந்து வர்ற நிறமிதான் அந்த ரோஸ், தீனி மாறினா நிறமும் மாறும். அலகை மட்டும் பாருங்க. பெரும் பூநாரைக்கு அலகு ரோஸ், நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு, தூரத்துல கறுப்பாவே தெரியும்.

அந்த அலகுலதான் மொத்த விஷயமும் இருக்கு. 1957-ல பெனலோப் ஜென்கின்ங்கிற அம்மா ரெண்டோட அலகுக்கும் உள்ளே இருக்கிற சல்லடையை விலாவாரியா ஆராய்ஞ்சு எழுதினாங்க. பெரிசோட சல்லடையில கண் பெரிசு: குட்டி இறால், புழு, சின்ன நத்தையெல்லாம் சேத்துல இருந்து சலிச்சு எடுக்கும். சிறுசோட சல்லடை ரொம்ப நைஸ்: உப்பேரித் தண்ணியில மிதக்கிற ஸ்பைருலினா மாதிரி நுண்பாசிதான் அதுக்கு முக்கியச் சாப்பாடு. அதனாலதான் ரெண்டும் ஒரே தண்ணியில சண்டையில்லாம நிக்க முடியுது.

இப்ப கணக்குக்கு வருவோம். உலகத்துல சிறு பூநாரை 20 லட்சத்துக்கு மேல இருக்கு. பெரும் பூநாரை அதுல பாதி கூட இல்லை. அப்ப எது ஆபத்துல இருக்கும்? பெரிசுன்னுதானே தோணுது? இல்லை. ஐ.யு.சி.என். பட்டியல்ல பெரும் பூநாரை 'கவலை குறைந்த' இனம். சிறு பூநாரைதான் 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனம்.

ஏன்னா பெரிசு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியான்னு பல இடத்துல முட்டை வைக்குது. சிறுசு ஒழுங்கா முட்டை வைக்கிறது உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற அளவு இடத்துலதான். அதுல பெரியது தான்சானியாவுல இருக்கிற நேட்ரான் ஏரி. எங்க தொழில் பாஷையில சொன்னா, லட்சக்கணக்கான யூசர், சர்வர் மட்டும் நாலஞ்சு. ஒண்ணு படுத்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம் :-)

அத்தனை பறவையும் எங்கே போய் முட்டை வைக்குதுன்னே 1954 வரைக்கும் தெரியாது. கென்யாவுல விவசாயத் துறை அதிகாரியா இருந்த லெஸ்லி பிரவுன்தான் நேட்ரானைக் கண்டுபிடிச்சார். அந்தச் சோடாச் சேத்துல நடந்து போய்க் கால் வெந்து சாகப் பிழைக்கக் கிடந்தார். 2006-ல அதே ஏரியில சோடா சாம்பல் ஆலை கட்டத் திட்டம் வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும், அதுல இருந்த இந்திய நிறுவனம் 2008-ல விலகிடுச்சு.

நம்ம நாட்டுல குஜராத் ரண்தான் பூநாரைகளோட பிரசவ ஆஸ்பத்திரி. 1945-ல சாலிம் அலி கட்ச் பாலைக்குள்ள போய், பெரும் பூநாரையோட லட்சத்துக்கும் மேற்பட்ட மண் கூடுகளைப் பார்த்தார். கூட்டுக்கு ஒரே முட்டைதான்.

நம்ம கரைக்கு வருவோம். பிச்சாவரத்துல சுரபுன்னைக் காட்டுக்குள்ள படகுல போறப்போ பூநாரையைத் தேடி ஏமாறாதீங்க. அதுக்கு வேண்டியது மரம் இல்லை; முழங்கால் அளவு உப்புத்தண்ணி, திறந்த வெளி, சேறு. அதனாலதான் வடக்கே பழவேற்காட்டுலயும் தெற்கே கோடியக்கரையிலயும் அது ஆயிரக்கணக்குல கூடுது. 1964 புயல் அழிச்ச தனுஷ்கோடியிலும் இப்ப பூநாரைதான் விருந்தாளி. 2025 ஜூன்ல தமிழக அரசு அங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமா அறிவிச்சிருக்கு.

நம்ம பக்கம் வர்றது பெரும்பாலும் பெரிசுதான். சிறுசு அபூர்வம். அதனாலதான் ஒரு விஷயம் முக்கியம்: கணக்கெடுப்புக்குப் போற நண்பர்கள் "பூநாரை 300"ன்னு எழுதிட்டு வந்தா, அந்தக் கூட்டத்துல நின்ன நாலு சிறு பூநாரை காகிதத்துல இல்லாமப் போயிடும். காகிதத்துல இல்லாத பறவைக்காக யாரும் ஒரு உப்பளத்தையோ சேத்துநிலத்தையோ விட்டுக் கொடுக்க மாட்டாங்க. அலகைப் பார்த்துப் பெரிசா சிறுசான்னு எழுதுங்க. அலகு தெரியலைன்னா, "இனம் தெரியவில்லை"ன்னு எழுதுங்க. தப்பாப் பேர் போடுறதுக்கு அது எவ்வளவோ மேல்.