சுல்தான் அனுப்பிய வெள்ளைப் பறவை



எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் கனடாவுக்குப் போகிறது. அவர்கள் வளர்த்த வெள்ளைக் காக்கட்டூவை எங்கள் வீட்டுக்குத் தரக் கேட்டிருக்கிறார்கள். "வாப்பா, கூட்டை எங்க வைப்போம்?" என்று மகள் மூன்று நாளாக ஒரே கேள்வி. நான் வரலாறு படிப்பிக்கிறவன். கூடு வாங்குமுன் அந்தப் பறவையின் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன்.

காக்கட்டூ நம் நாட்டுப் பறவையல்ல. அவுஸ்திரேலியா, நியூகினி, இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள், பிலிப்பைன்ஸ் ஆகியனவே அதன் தாயகம். பெயரும் மலாய் மொழியின் 'ககாதுவா'தான். கொம்பனித்தெருவில் வாழும் நம் மலாய் உறவுகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஏறக்குறைய 800 வருடங்களுக்கு முன் எகிப்தை ஆண்டவர் ஐயூபிய சுல்தான் அல்காமில். சிலுவைப் போர்க் காலத்திலும் 1229இல் சண்டையில்லாமல் ஜெரூசலம் பற்றி உடன்படிக்கை செய்தார் அவர். மறுபக்கத்தில் இருந்தவர் ஐரோப்பியச் சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடெரிக். அந்தச் சுல்தான் பிரெடெரிக்குக்கு ஒரு வெள்ளைக் காக்கட்டூவை அன்பளிப்பாக அனுப்பினார். பறவைகளை வைத்து வேட்டையாடுவது பற்றி 1240களில் பிரெடெரிக் ஆக்கிய நூலில் அதன் சித்திரம் நான்கு இடங்களில் உண்டு. வத்திக்கான் நூலகத்தில் உள்ள அந்தக் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்தவர்கள் 2018இல் இதை வெளியிட்டார்கள். கிராம்பும் சாதிக்காயும் போன வணிக வழிகளில் அது கெய்ரோவுக்குப் போயிருக்கலாம்.

இன்னொரு காக்கட்டூவின் பெயர் குக்கி. 1933இல் பிறந்தது. அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவிலிருந்து சிகாகோவின் புரூக்பீல்ட் மிருகக்காட்சிசாலைக்குப் போனது. 2016இல் இறந்தபோது அதற்கு வயது 83. அதைப் பராமரித்தவர்கள் எத்தனை பேர் மாறியிருப்பார்கள்!

நமக்குப் பக்கத்தில் தெஹிவளையையே பாருங்கள். அந்த மிருகக்காட்சிசாலையை ஆரம்பித்தவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மனிய மிருக வியாபாரி. 1936இல் அவருடைய கம்பனி முறிந்தது. மிருகங்களை எங்கே கொண்டுபோவது? அரசாங்கம் பொறுப்பேற்றது. உரிமையாளர் போனாலும் உயிர்கள் மிஞ்சும்.

இதையெல்லாம் வாசித்த பிறகு எனக்கு விளங்கியது இதுதான்: காக்கட்டூ கைமாறி வாழ்கிற பறவை. எனக்கு 47 வயது. இந்தப் பறவைக்கு 11. நான் மௌத்தான பிறகும் அது இருக்கலாம். ஆகவே இது அன்பளிப்பு மட்டுமல்ல, அமானத்.

அதனால் மகளோடு உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, பத்திரங்கள். கூட்டுக்காகப் பிடித்துப் பிடித்தே மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ காட்டில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 2005 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் அது இருக்கிறது. இலங்கையும் 1979 முதல் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. பறவை எங்கே பிறந்தது, யாரிடம் வாங்கியது என்று எழுத்தில் பார்க்காமல் எடுக்கமாட்டோம்.

இரண்டாவது, வீடு. இறகிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டும். உம்மாவுக்கு முட்டு இருப்பதால் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். ஒட்டாத தாச்சி அளவுக்கு மிஞ்சிச் சூடானால் வரும் புகையே பறவையைக் கொன்றுவிடும். பட்டர் புரூட், சொக்லட், வெங்காயம் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது, அயல். விடியவும் அந்தி நேரமும் உரத்துக் கத்தும். சுபஹுக்கு நாங்கள் எழும்புவோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எழும்ப வேண்டுமா? அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

நான்காவதுதான் கஷ்டமானது. எனக்குப் பிறகு யார்? மகள் "நான்" என்றாள். படிக்க வெளியூர் போனால், கலியாணம் முடித்துப் போனால் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாச்சாவின் மகனுக்குத் தானே கோல் எடுத்துக் கேட்டாள்.

இப்போது தினமும் அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் பறவையோடு இருக்கிறார்கள். நேற்றுத்தான் அது முதன்முறையாக மகளின் கையில் ஏறியது. பத்திரங்களை இன்னும் பார்க்கவில்லை. அதனால் கூடும் இன்னும் வாங்கவில்லை.

பிள்ளைகள் கேட்டார்கள் என்று பறவை வாங்க யோசிக்கிறவர்கள் இந்த நான்காவது கேள்வியை முதலில் கேளுங்கள்.