கியூஆர் குறியீடு வழி ஒலிப்பதிவுப் பகிர்வு

ஒலிப்பதிவு இருக்கும் இணைய முகவரியைக் கியூஆர் குறியீடாக அச்சிட்டு, திறன்பேசியில் ஸ்கேன் செய்பவர் அதைக் கேட்க வழிசெய்யும் முறை இது. பாடநூல்கள், அருங்காட்சியகங்கள், மொழிப்பாடங்கள், வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புகள் ஆகியவற்றில் பயன்படுகிறது.

தோற்றம்

ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹாராவின் குழு, வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க 1994இல் கியூஆர் குறியீட்டை உருவாக்கியது. காப்புரிமை பெற்றிருந்தும், பயன்படுத்துவோரிடம் நிறுவனம் கட்டணம் கேட்கவில்லை. 2000இல் இது பன்னாட்டுத் தரமானது. 2017இல் ஐபோன் கேமராவே குறியீட்டைப் படிக்கத் தொடங்கியது. தனிச் செயலியின் தேவை குறைந்தது.

கொள்ளளவு

குறியீடு 21×21 கட்டங்களில் தொடங்கி 177×177 வரை விரியும். மிகப் பெரியதிலும் 2,953 பைட்டுகளே அடங்கும். வழக்கமான தொலைபேசித் தரத்தில் ஒரு விநாடிப் பேச்சுக்கே 8,000 பைட்டுகள் வேண்டும். ஆகவே அத்தரத்தில் குறியீட்டுக்குள் குரலை அடைக்க முடியாது; பொதுவாக இடம்பெறுவது முகவரி மட்டுமே. ஒலிக்கோப்பு எங்கோ ஒரு வழங்கியில் இருக்கும்.

தயாரிப்பு

பேச்சுக்கு 64 கிலோபிட் எம்பி3 பொதுவாகப் போதும்; ஒரு நிமிடப் பதிவு அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். முகவரி குறுகினால் கட்டங்கள் குறையும், ஸ்கேன் எளிதாகும். முகவரியை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தந்தால் ஓர் எழுத்துக்கு 8 பிட்டுக்குப் பதில் ஐந்தரை பிட் போதும்; ஆனால் அந்த வடிவத்தை வழங்கி ஏற்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

பிழைதிருத்தத்தில் நான்கு நிலைகள் உண்டு. உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் குறியீட்டைப் படிக்கலாம். வெளிச்சுவரில் ஒட்டும் பலகைக்கு அது ஏற்றது. குறியீட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். அதை வெட்டிவிடுவது அச்சில் அடிக்கடி நேரும் தவறு.

உலாவிகள் பொதுவாக ஒலியைத் தாமாக இயக்குவதில்லை. எனவே பக்கத்தில் பெரிய இயக்கு பொத்தானும், பதிவின் தலைப்பும் நேர அளவும் இருக்க வேண்டும். செவித்திறன் குறைந்தோருக்கு எழுத்து வடிவமும் சேர்ப்பது கடமை. பார்வையற்றோர் பயன்படுத்தும் பலகையில், குறியீடு இருக்கும் இடத்தை விரலால் அறிய மேடான விளிம்பு உதவும்.

பயன்பாடு

உச்சரிப்பு, பண், வட்டார வழக்கு போன்றவற்றை எழுத்தால் முழுமையாகக் காட்ட இயலாது. அங்குதான் இம்முறையின் பயன் பெரிது. தமிழ்நாட்டில் 2018-19இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் மின்பாடங்களுக்கு இட்டுச்செல்லும் கியூஆர் குறியீடுகள் அச்சாகியுள்ளன.

நிலைப்பும் பாதுகாப்பும்

அச்சு நெடுங்காலம் நிற்கும். முகவரி அப்படி நிற்பதில்லை. பின்னர் இலக்கை மாற்ற உதவும் இயங்குநிலைக் குறியீடுகள் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் முகவரி வழியே செல்பவை. சந்தா முடிந்தால் இணைப்பு அறுந்துபோகலாம். பதிப்பகமோ நூலகமோ சொந்த முகவரியை அச்சிட்டு, அங்கிருந்து கோப்புக்குத் திருப்பிவிடுவது பாதுகாப்பானது. கோப்பு இடம் மாறினாலும் அச்சிட்ட குறியீடு செல்லும்.

பொது இடங்களில் குறியீட்டின்மேல் போலி ஒட்டுத்தாள் ஒட்டப்படலாம் என்பதால், முகவரியை எழுத்திலும் அருகே தருவது நல்லது. தனிமனிதர் பேச்சை வெளியிடுமுன், யாரும் எங்கிருந்தும் கேட்கலாம் என்பதை அவருக்கு விளக்கி இசைவு பெற வேண்டும். மூலப்பதிவைச் சுருக்கப்படாத வடிவில் வேறிடத்திலும் சேமிக்க வேண்டும்; குறியீடு பதிவுக்கு வழி காட்டுமேயன்றி, அதைப் பாதுகாக்காது.