குளிச்சாலே சந்தேகம்: கிரனடாவின் கதை

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். காலையில எழுந்து முகம், கை, கால் கழுவுறீங்க. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் போய் உங்க மேல புகார் கொடுத்தா எப்படி இருக்கும்? 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின்ல அது நடக்கக்கூடிய விஷயம்.

இஸ்லாத்தில் சுத்தமாக இல்லாமல் தொழ முடியாது. முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, கணுக்கால் வரை கால் கழுவணும். நம்ம ஊர் முஸ்லிம் நண்பர்கள் 'ஒளு' செய்றதுன்னு சொல்வாங்களே, அதுதான். சில சமயங்கள்ல முழுக் குளியலே கடமை. அதனால கிரனடா மாதிரி முஸ்லிம்கள் ஆண்ட ஊர்கள்ல ஹம்மாம், அதாவது பொதுக் குளியல் கூடம், அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி.

1492 ஜனவரியில் கிரனடா, கத்தோலிக்க அரசர்களான இசபெல்லா, ஃபெர்டினாண்ட் கைக்குப் போனது. உங்க மதத்தில் தலையிட மாட்டோம்னு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருஷம்கூடத் தாங்கல. 1499-லேயே கட்டாய ஞானஸ்நானம் தொடங்கிடுச்சு. 1502-ல் காஸ்டீல் முழுக்க உத்தரவு: மதம் மாறு, இல்லைன்னா நாட்டை விட்டுப் போ. மாறினவங்களை 'மொரிஸ்கோ' என்றார்கள்.

காகிதத்தில் கிறிஸ்தவர், சரி. மனசுக்குள்ள? அதைக் கண்டுபிடிக்க இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றம் பழக்கங்களைக் கவனித்தது. இதையெல்லாம் யாராவது செய்தால் வந்து சொல்லுங்கன்னு தேவாலயங்களில் ஒரு பட்டியலை வாசித்தார்கள். முழங்கை வரை கை கழுவுவது, முகம், வாய், மூக்கு, காது கழுவுவது எல்லாம் அதில் இருந்தது. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, ஃபால்ஸ் பாசிட்டிவ் குவியும் ஒரு சிஸ்டம். வேர்வைக்காகக் கழுவுறவரும் தொழுகைக்காகக் கழுவுறவரும் வெளியே இருந்து பார்த்தா ஒண்ணுதானே? 'நான் சும்மாதான் கழுவினேன்'னு எதை வெச்சு நிரூபிப்பாங்க?

1567 ஜனவரி 1 அன்று மன்னர் இரண்டாம் பிலிப்பின் சட்டம் கிரனடாவில் அறிவிக்கப்பட்டது. அரபு மொழி, உடை, பெயர், முக்காடு, மருதாணி, ஹம்மாம் எல்லாத்துக்கும் தடை.

பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்ற வயசான மொரிஸ்கோ பிரமுகர், அங்கிருந்த அரச நீதிமன்றத் தலைவர் பெட்ரோ டி டேசாவிடம் ஒரு நீண்ட மனு கொடுத்தார். அவர் வாதம் நேரானது. குளியல் கூடம் அழுக்குப் போக்கத்தான். அங்கே வேலை செய்றவங்களே கிறிஸ்தவங்க, அப்புறம் ரகசியச் சடங்கு எப்படி நடக்கும்? கிழக்கு நாடுகளில் கிறிஸ்தவர்களே அரபு பேசுறாங்களே, அவங்க கிறிஸ்தவர்கள் இல்லையா? பழக்கம் வேற, மதம் வேற. இதுதான் மனுவின் சாரம்.

எடுபடல. 1568 டிசம்பரில் கிரனடாவை ஒட்டிய அல்புஹாராஸ் மலைப்பகுதியில் கலகம் வெடித்தது. குளியல் மட்டும் காரணம் இல்லை, ஆனா அந்தச் சட்டம் முக்கியமான காரணம். கலகம் ஒடுக்கப்பட்டது. கிரனடாவின் மொரிஸ்கோக்கள் காஸ்டீல் முழுக்கச் சிதறடிக்கப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை, ஸ்பெயினை விட்டே சுமார் 3 லட்சம் பேர் துரத்தப்பட்டார்கள். உண்மையாவே கிறிஸ்தவரா வாழ்ந்தவங்களும் அதில் உண்டு.

கிரனடாவில் 11ஆம் நூற்றாண்டு ஹம்மாம் ஒண்ணு இன்னும் நிற்குது. பேர் எல் பான்யுவேலோ. கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள், அது வழியா உள்ளே வெளிச்சம் விழும். அங்கே போனீங்கன்னா முலேயை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.