வளாகப் பலகையின் மொழியும் முறையீட்டின் மொழியும்

பல்கலைக்கழகப் பெயர்ப்பலகைகள் பற்றிய விவாதம் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி என்ற மூன்றுக்குள் நின்றுவிடுகிறது. அப்பலகையைக் கடந்து உள்ளே செல்லும் தலித், பழங்குடி மாணவர் எம்மொழியில் தம் உரிமையைக் கேட்க முடியும் என்ற வினாவை நாம் எழுப்ப வேண்டியுள்ளது.

சட்ட நிலை

1976ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகளுள் 11ஆவது விதி, ஒன்றிய அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளும் படிவங்களும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக்கு இவ்விதிகள் பொருந்தா. பிற மாநிலங்களின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாநில மொழியும் சேர்ந்த மும்மொழிப் பலகைகளைக் காண்கிறோம்.

விடுபட்ட மொழிகள்

அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீலி பேசுவோர் 1 கோடிக்கும் மேற்பட்டோர்; கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 இலட்சம். இவ்விரண்டும் அட்டவணையில் இல்லை. 24,821 பேர் தாய்மொழியாகக் குறித்த சமஸ்கிருதம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அதற்கென மூன்று மத்தியப் பல்கலைக்கழகங்களும் உள்ளன. பழங்குடி மொழிகளான சந்தாலியும் போடோவும் 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால்தான் இடம்பெற்றன. எண்ணிக்கை மட்டுமே ஒரு மொழியின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தாய்மொழிக்குள்ளும் சாதி உண்டு. சேரியின் பேச்சு வழக்கு வகுப்பறையில் நகைப்புக்குள்ளாகும்போது, வாயிலில் உள்ள தாய்மொழிப் பலகை அம்மாணவருக்குத் துணை நிற்பதில்லை. ஆங்கிலம் அறியாமையும் அவ்வாறே தகுதியின்மையாகத் திரிக்கப்படுகிறது.

முறையீட்டு உரிமை

அரசமைப்பின் 350ஆவது உறுப்பு, ஒன்றிய அல்லது மாநில அலுவலர், அதிகார அமைப்பு எதனிடமும், ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ பயன்பாட்டிலுள்ள எம்மொழியிலும் குறைதீர் மனு அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள், உயர்கல்வி நிறுவனங்கள் சமவாய்ப்பு மையம் அமைத்துப் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றன. இவ்விரண்டையும் இணைத்து மாணவர் அமைப்புகள் வலியுறுத்த வேண்டியவை:

1. அவ்வலுவலரின் பெயரும் தொடர்பு எண்ணும் மாணவர் பேசும் மொழிகளில் விடுதிகளிலும் துறைகளிலும் எழுதப்பட வேண்டும்.

2. முறையீடுகளைத் தாய்மொழியில் ஏற்று எழுத்துவடிவில் ஒப்புகை தர வேண்டும்.

3. கல்வி உதவித்தொகைப் படிவங்களும் அறிவிப்புகளும் மாநில மொழியிலும் கிடைக்க வேண்டும்.

4. முதல் தலைமுறை மாணவர்க்கு இழிவுபடுத்தாத ஆங்கிலப் பயிற்சி பாடவேளைக்குள்ளேயே அமைய வேண்டும்.

பெயர்ப்பலகையில் நம் மொழி இடம்பெறுவதை வரவேற்கிறோம். புகார்ப் பதிவேட்டிலும் அது இடம்பெறும் நாளில்தான் வளாகம் நமக்கும் உரியதாகும்.