விருந்துக்கு முன் ஓர் ஊசி

அமெரிக்க அரசியல் சரித்திரத்தில் சார்ல்ஸ் எவான்ஸ் ஹியூஸ் என்பவருக்குப் பெரிய இடம் உண்டு. 1916-ம் வருஷத்து ஜனாதிபதி தேர்தலில் நின்று சொற்ப வித்தியாசத்தில் தோற்றவர். 1921 முதல் 1925 வரை அயல்நாட்டு மந்திரி. 1930-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாகவே ஆனார். இத்தனை செல்வாக்குள்ள மனிதரின் வீட்டில், அவருடைய கடைசி மகள் மூன்று வருஷ காலம் பட்டினி கிடந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் எலிசபெத். 1919-ல், பதினோரு வயதில், அவளுக்கு நீரிழிவு கண்டது. வயதானவர்களுக்கு மெல்ல மெல்ல வருகிற நீரிழிவு அல்ல அது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. குழந்தைகளைப் பற்றிக்கொண்டால் சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு வருஷங்கள், அதற்குள் கதை முடிந்துவிடும். அப்போது இருந்த ஒரே வைத்தியம் பட்டினிதான். டாக்டர் பிரெடரிக் ஆலன் என்பவர் அதில் பேர் பெற்றவர். உடம்பு சர்க்கரையை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. ஆகவே உணவைக் குறைத்துக்கொண்டே போ. அதற்குள் யாராவது ஒரு மருந்து கண்டுபிடித்தால் உன் அதிர்ஷ்டம். இதுதான் அந்த வைத்தியத்தின் சாரம். 1922-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் எலிசபெத்தைக் கனடா தேசத்து டொரண்டோ நகரத்துக்கு அழைத்துக்கொண்டு போனபோது, பதினைந்தாவது பிறந்த நாளை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் எடை 45 ராத்தல். நம் ஊரில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற எடை.

டொரண்டோவுக்கு ஏன் போனாள் என்பது உலகம் அறிந்த கதை. 1921-ம் வருஷக் கோடையில் பான்டிங் என்ற இளம் டாக்டரும், பெஸ்ட் என்ற மாணவரும், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் நாய்களை வைத்துக்கொண்டு பாடுபட்டார்கள். கணையத்திலிருந்து இன்சுலின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். காலிப் என்ற ரசாயன நிபுணர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். 1922 ஜனவரி 11-ந் தேதி லெனார்டு தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் அழுக்கு இருந்ததால் ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஜனவரி 23-ந் தேதி சுத்தமான மருந்தைப் போட்டார்கள், பையன் பிழைத்தான். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் கண்டுபிடித்தவர்கள். அந்த ஒரு செயலுக்காகவே அவர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எலிசபெத்தும் பிழைத்தாள். டொரண்டோவிலிருந்து அவள் தாயாருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ரொட்டியும் வெண்ணெயும் தின்னக் கிடைத்த ஆனந்தத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். நவம்பர் மாதக் கடைசியில் சதைப்பற்றும் சிரிப்புமாக வீடு திரும்பினாள்.

சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. உயிர் பிழைத்தாயிற்று; சரி. இனி நாலு பேர் நடுவில் வாழ வேண்டுமே, அது எப்படி?

இன்சுலின் ஒரு புரதம். வாயில் போட்டு விழுங்கினால் வயிறு அதையும் சாப்பாடு என்று ஜீரணம் செய்துவிடும். ஆகவே அப்போது ஊசியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆயுசு முழுவதும். அந்தக் காலத்து இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்யும். சாப்பாட்டுக்குச் சுமார் அரை மணி முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி ஸிரிஞ்சைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். எஃகு ஊசியைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பதால் முனை மழுங்கிப் போகும். சாணைக் கல்லில் தீட்ட வேண்டும். ஊசித் துவாரம் அடைத்துக்கொள்ளாமல் மெல்லிய கம்பியை விட்டு எடுக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இரத்தப் பரிசோதனை வீட்டில் கிடையாது. பெனடிக்ட் திராவகம் என்று ஒரு நீல நிறத் தண்ணீர். அதில் எட்டுச் சொட்டு மூத்திரத்தை விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் ஏற ஏற நோயாளியின் முகம் வெளுக்கும். இத்தனை சாமான்களுடன் ஒருவர் மற்றொருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதை எண்ணிப் பாருங்கள்! விருந்தாளி வந்திருக்கிறாரா, வைத்தியசாலையே வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரர்கள் திகைக்க மாட்டார்களா?

எலிசபெத் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

மந்திரி மகள் ஆதலால் 1922-ல் அவளுடைய வைத்தியம் பத்திரிகைச் செய்தியாகிவிட்டது. போகுமிடமெல்லாம் தன்னை நோயாளிப் பெண் என்று நாலு பேர் பரிதாபமாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றாள். 1930-ல் வில்லியம் காஸட் என்ற வக்கீலை மணந்தாள். விவாகம் நிச்சயமான பிறகுதான் விஷயத்தை அவருக்குச் சொன்னாளாம். மூன்று குழந்தைகள் பிறந்தன. கணவர் பிற்காலத்தில் அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் தலைவரானார். அவளும் சுப்ரீம் கோர்ட் சரித்திரச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்து நடத்தினாள். விருந்துகளுக்கும் வைபவங்களுக்கும் குறைவில்லாத வாழ்க்கை. அத்தனை விருந்துகளிலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு, இந்த அம்மாள் சற்று முன்பு கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் என்பது தெரியாது. தன் நோய்க்குச் சாட்சியாக இருந்த காகிதங்களில் பெரும்பாலானவற்றை அவள் அழித்துவிட்டாள். 1981-ல் காலமானபோது, 58 வருஷங்களில் ஏறக்குறைய 42,000 ஊசிகள் போட்டுக்கொண்டிருந்தாள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு. மைக்கேல் பிளிஸ் என்ற சரித்திர ஆசிரியர் 1982-ல் இன்சுலினைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு முழுக் கதையும் தெரிந்தது.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், அதே காலத்தில் இன்னொருவர் நேர் எதிர் வழியில் நடந்து காட்டினார். அவரையும் பார்க்க வேண்டும்.

ஆர். டி. லாரன்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த டாக்டர். 1920-ல் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. சாவு நிச்சயம் என்று எண்ணிய அவர், குடும்பத்தார் கண்முன் சாக மனமில்லாமல் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரத்துக்குப் போய்விட்டார். 1923-ல், லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து நண்பர் தந்தி அடித்தார்: மருந்து வந்துவிட்டது, பலிக்கிறது, உடனே திரும்பி வா என்று. லாரன்ஸ் தள்ளாத உடம்புடன் தாமே மோட்டார் ஓட்டிக்கொண்டு இத்தாலியிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தார். மறைந்து சாகப் போனவர், வெளிப்பட்டு வாழத் தீர்மானித்தார். தாமே நோயாளி என்பதை ஒளிக்காமல், மற்ற நோயாளிகளுக்குத் தங்கள் சாப்பாட்டையும் ஊசியையும் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார். 1925-ல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். இருவருமாகச் சேர்ந்து 1934-ல் நீரிழிவு உள்ளவர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். உலகப் பிரசித்தி பெற்ற ஓர் எழுத்தாளர் தம் நோயைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டதனால், எத்தனையோ குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் தங்கள் நோயைச் சொல்லிக்கொள்ளத் துணிந்திருப்பார்கள். லாரன்ஸ் 1968 வரையில் ஜீவித்திருந்தார்.

ஒளிப்பதா, சொல்வதா என்ற இந்தச் சங்கடத்துக்கு 1936-ல் விஞ்ஞானம் ஒரு சமாதானம் சொல்லிற்று. ஹாகெடார்ன் என்ற டென்மார்க் தேசத்து டாக்டர், மீனிலிருந்து எடுத்த ஒரு புரதத்தை இன்சுலினுடன் சேர்த்து, மெல்ல மெல்ல வேலை செய்கிற மருந்தைத் தயாரித்தார். காலையில் வீட்டிலேயே ஓர் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். வெளியில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. காலையில் உள்ளே போன மருந்து மத்தியானம் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உடனே கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட வேண்டும். தவறினால் நினைவு தப்பிவிடும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே ஒளித்தவர்கள் கடிகாரத்துக்கு அடிமையானார்கள்.

1993-ல் சக்கரம் மறுபடியும் சுழன்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு அந்த வருஷம் வெளிவந்தது. தினம் மூன்று, நான்கு ஊசி போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது வெகுவாகக் குறைந்தது என்று அது நிரூபித்தது. அதன் பொருள் என்ன? ஊசி மறுபடியும் சாப்பாட்டு வேளைக்கே வந்து சேர்ந்தது. வீட்டில் சாப்பிட்டால் வீட்டில். விருந்தில் சாப்பிட்டால் விருந்தில். நல்ல வேளையாக, அதற்குள் கருவிகளும் மாறியிருந்தன. 1985-ல் டென்மார்க்கின் நோவோ கம்பெனி பேனா உருவத்தில் ஊசியைக் கொண்டுவந்தது. சட்டைப் பையில் குத்திக்கொண்டால், கணக்கு எழுதுகிற மனிதர் என்றே தோன்றும். 1996-ல் அரை மணி காத்திராமல், சாப்பிட உட்காரும்போதே போட்டுக்கொள்ளக்கூடிய மருந்தும் வந்தது.

இந்தக் கடைசி விஷயத்தின் அருமை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த தமிழர்களுக்கு நன்றாக விளங்கும். "சாப்பிட வாருங்கள்" என்று நம் ஊரில் அழைப்பதற்கும் இலையில் சாதம் விழுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்த டாக்டராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. முதல் பந்தி எழுந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டும். ரசத்துக்கு உப்புப் பார்க்க வேண்டும். அழைத்தவுடன் ஊசி போட்டுக்கொண்டவர் பாடு திண்டாட்டம்தான். சோறு கண்ணில் பட்ட பிறகு போட்டுக்கொள்கிறவர் புத்திசாலி.

ஆனால் கருவி மாறியதைப்போல் மனிதர்கள் மாறிவிட்டார்களா? பந்தியில் ஒருவர் பேனாவை எடுத்து வயிற்றில் வைத்தால் எதிர் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. "ஐயோ பாவம், இந்த வயசிலேயா?" என்கிறார் ஒரு மாமி. "அவருக்குப் பாயசம் போடாதே!" என்று பரிமாறுகிறவனைத் தடுக்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், பாகற்காய்ச் சாறு குடித்தால் ஊசியையே விட்டுவிடலாம் என்று உபதேசிக்கிறார். முதல் இருவரால் மனசு நோகும், அவ்வளவுதான். மூன்றாமவரின் பேச்சைக் கேட்டால் உயிரே போகும். எலிசபெத்துக்கு வந்த வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் 1921-ம் வருஷத்துக்கே திரும்பிப் போய்விடலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இந்தப் பேனாவைப் பீரோவுக்குள் பூட்டி வைக்கிறார்கள் என்றால், அந்தப் பெற்றோர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. எலிசபெத் கதவைத் தாழிட்டுக்கொண்டதற்கும் வெளியே இருந்த கண்கள்தாமே காரணம்?

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. நோய் அவரவர் சொந்த விஷயம். ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக் குழறும்போது, "இது குடி அல்ல, மூன்று ஸ்பூன் சர்க்கரை கொண்டு வாருங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவ்வளவு இரகசியம் காத்த எலிசபெத்தும் கணவரிடம் ஒளிக்கவில்லை. அந்த ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். அடுத்த பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரர் பேனாவை எடுத்தால், எழுதப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு சாம்பாரைக் கவனியுங்கள். அவர் முடித்ததும் அப்பளம் நன்றாயிருக்கிறதா என்று கேளுங்கள்.