குளிர்கால ஹிப்போ

அல்ஜீரியாவின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள அன்னாபா நகருக்குக் கோடையில் வருவோர் கடற்குளியலை நாடி வருகின்றனர். சனவரியில் மணற்பரப்பு வெறிச்சோடிவிடும். மழையும் வாடையும் மாறிமாறி வரும். எனினும் புனித அகுஸ்தினாரைத் தேடிச் செல்பவருக்கு அதுவே உகந்த பருவம் என்பேன்.

ஊருக்கு வெளியே, குன்றின்மேல், 1881 முதல் 1900 வரை எழுப்பப்பட்ட பேராலயம் நிற்கிறது. பவியா நகரிலிருந்து 1842-இல் கொணரப்பட்ட அவரது கை எலும்பு அங்கே வைக்கப்பட்டுள்ளது. அழகிய ஆலயந்தான், ஆனால் நேற்று எழுந்தது. அடிவாரத்தில் புல்லுக்கிடையே கிடக்கும் தூண்களும் கல்பாவிய தெருக்களுமே அவர் ஆயராக வாழ்ந்து, வாண்டலர் முற்றுகையிட்டிருக்கையில் 430 ஆகஸ்ட் 28 அன்று உயிர்நீத்த ஹிப்போ.

அந்நாளில் நவம்பர் முதல் மார்ச் வரை கடல் 'அடைபட்டது' என்பார்கள். புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் துறையில் முடங்கும்; கடல் கடந்த மடல்கள் இளவேனிலுக்குக் காத்திருக்கும். 388-இல் இத்தாலியிலிருந்து திரும்பிய அகுஸ்தினார் அதன்பின் கடல் கடந்ததேயில்லை. குளிரும் அவருக்கு ஆகாது. 410-இல் உரோமை சூறையாடப்பட்டபோது ஆப்பிரிக்காவுக்கு வந்து, அவரது பிறந்த ஊராகிய தாகாஸ்தேயில் தங்கியிருந்த இளைய மெலானியா குடும்பத்தாருக்கு, குளிரைத் தாங்க முடியாததால் வந்து காண இயலவில்லை என்று எழுதினார்.

அதே காலத்தில் தம் மக்களுக்கு எழுதிய மடல் இன்னும் கூர்மையானது. ஏழைகளுக்கு ஆடை அளிப்பது ஹிப்போ திருச்சபையின் வழக்கம். உலகம் அதிர்ந்த செய்தி கேட்டுக் கலங்கிய மக்கள் அதைக் கைவிட்டுவிட்டனர். ஆயர் அப்போது ஊரில் இல்லை. தாம் இல்லாத இடத்திலும் அது நடந்தாக வேண்டும் என்றார். உலகம் ஆட்டங்காணும்போது கொடுக்கும் கையை மடக்குவதா என்பதே அவர் கேள்வி.

அம்மக்கள் எத்தகையோர் என்பதை 1981-இல் முதன்முறை அச்சேறிய மற்றொரு மடல் காட்டுகிறது. நாட்டுப்புற எளியவர்களை ஆள்பிடிப்போர் கடத்திவந்து ஹிப்போ துறையில் கப்பலேற்றி, அடிமைகளாக விற்றனர். ஒருத்தி விறகு வாங்குவதாகச் சொல்லி மலைவாழ் பெண்களை அழைத்து அடைத்து வைத்து விற்றாளாம்! ஒருமுறை, ஆயர் வெளியூர் சென்றிருக்கையில், இறைமக்கள் ஏறத்தாழ 120 பேரைக் கப்பலிலிருந்தும், ஒளித்து வைக்கப்பட்ட இடத்திலிருந்தும் மீட்டனர். அவர்களுள் பெற்றோரால் விற்கப்பட்டவர்கள் ஐந்தாறு பேர்கூட இல்லை. வணிகருக்குச் செல்வாக்குள்ள ஆதரவாளர் இருந்தனர், தொல்லை தொடர்ந்தது. இத்தாலியிலிருந்த நண்பர் ஆயர் அலிப்பியுஸிடம் சட்டத்தின் துணையைத் தேடுமாறு வேண்டிய அகுஸ்தினார், ஈயக்குண்டு கட்டிய சாட்டையடிக்கு அவ்வணிகர் பலியாகிவிடக் கூடாதே என்றும் கவலைப்பட்டார். அவருடைய ஆழ்ந்த இறையியல் நூல்களைப் போற்றும் நாம் இந்தச் சிறு மடலையும் அவற்றின் அருகில் வைத்தே படிக்க வேண்டும்.

அந்தப் பழைய துறை இன்று கடலோரத்தில் இல்லை. ஆறு கொணர்ந்த வண்டல் கரையை விலக்கிவிட்டது. அலைமோதிய சுவரருகே புல் முளைத்திருக்கிறது. சற்றுத் தொலைவில் இன்றைய துறைமுகம். இந்நூற்றாண்டில் அன்னாபாவை ஒட்டிய கரைகளிலிருந்து இளைஞர்கள் சிறு படகுகளில் சார்தீனியாவை நோக்கிக் கிளம்புகின்றனர். அவர்களை அங்கே 'ஹர்ராகா' என்பர். எரிப்பவர்கள் என்று பொருள். கையிலுள்ள அடையாளத் தாள்களை எரித்துவிட்டுப் புறப்படுவதால் வந்த பெயர் என்கிறார்கள்.